பருந்தை எண்ணுதல்

கோழியும் பருந்தும் என்னும் விளையாட்டை ஆடாத தொடக்கப்பள்ளி நம் வட்டாரத்தில் இருந்திருக்காது. ஒரு பிள்ளை தாய்க்கோழி. அதன் பின்னே ஒருவர் இடுப்பை ஒருவர் பற்றிக்கொண்டு நீளும் வரிசை குஞ்சுகள். எதிரே தனித்து நிற்பது பருந்து. 1969இல் ஆசிரியப் பயிற்சிப் பள்ளியில் நான் பயின்றபோது, சிறுவர்க்கு ஒற்றுமையும் விழிப்பும் தரும் விளையாட்டு என்று இதனைப் பாடக்குறிப்பேட்டில் எழுதினோம். பணியில் சேர்ந்தபின் 36 ஆண்டுகள் இதைப் பிள்ளைகளுக்கு ஆடக் கற்பித்தேன். தாய்க்கோழியாக நிற்கப் பத்துப் பேர் கை தூக்குவார்கள். பருந்தாக நிற்க எவரும் முன்வருவதில்லை. ஆதலின் அன்று எவன் வீட்டுப்பாடம் எழுதாமல் வந்தானோ, எவன் குறும்பு செய்தானோ, அவனையே பருந்தாக்கி நிறுத்துவேன். அது ஒரு தண்டனை என்று எனக்கும் தெரியும், பிள்ளைகளுக்கும் தெரியும்.

நம் இல்லங்களில் எறும்புக்கு நொய்யரிசி இடுகிறோம். புறாவுக்கும் சிட்டுக்கும் தானியம் இறைக்கிறோம். காக்கைக்குச் சோறு வைக்கிறோம். ஆனால் கொன்று உண்ணும் உயிரிடத்தில் நமக்குள்ள கடமை என்ன? ஜீவதயை என்பது, அதைப் பெறப்போகும் உயிரின் ஒழுக்கத்தை முதலில் விசாரித்துக்கொண்டு பிறகுதான் புறப்பட வேண்டுமா? இந்த வினா என்னிடம் நூல் படித்ததனால் எழுந்ததன்று. என் பிழை ஒன்றால் எழுந்தது. அதை மறைத்துவிட்டு மேலே எழுதுவது முறையாகாது.

1984ஆம் ஆண்டு ஆடி மாதம். அப்போது நான் பணியாற்றிய சிற்றூரில் பள்ளிக்கு முன்புறமாக மின்கம்பிகள் சென்றன. ஒருநாள் உணவு இடைவேளையில் ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகள் நால்வர் ஒரு கோணிப்பையை ஏந்திக்கொண்டு என்னிடம் ஓடிவந்தனர். உள்ளே ஒரு பருந்து கிடந்தது. இடச்சிறகு முறிந்து தொங்கிற்று. கண் மட்டும் சிறிதும் மங்காமல் எங்களை மாறி மாறிப் பார்த்தது. அதற்கு முந்திய வாரந்தான் உயிர்களிடத்து அன்பு என்னும் பாடத்தை அவர்களுக்கு நான் உருக்கமாக நடத்தியிருந்தேன். ஆகவே அவர்கள் என்னைத் தேடி வந்ததில் வியப்பில்லை. நானோ, "இது ஊன் தின்னும் பறவை. நாங்கள் இதற்கு இரை தர முடியாது. ஏரிக்கரைப் புளியமரத்தடியில் விட்டுவிட்டு வாருங்கள்" என்றேன். அவர்கள் அப்படியே செய்தார்கள்.

மூன்றாம் நாள் காலையில் அந்த நால்வரில் ஒருவன் வந்து, "டீச்சர், அது செத்துப்போச்சு, எறும்பு மொய்க்குது" என்றான். சற்று நின்று, "அது கெட்ட பறவைங்களா டீச்சர்?" என்று கேட்டான். விளையாட்டில் நான் அடிக்கடி பருந்தாக்கிய பிள்ளை அவன். "எல்லாம் அதன் வினைப்பயன்" என்று சொல்லி அனுப்பினேன். சாத்திரப்படி அந்த விடையில் பிழை காண முடியாது. ஆனால் அவன் என் வினையைப் பற்றிக் கேட்டிருந்தால் என்ன சொல்லியிருப்பேன் என்று பல நாள் நினைத்ததுண்டு. பிறகு, மற்றவற்றைப் போல அதுவும் மறந்துபோயிற்று.

34 ஆண்டுகள் கழித்து அந்த நினைவு ஒரு மலையுச்சியில் என்னை வந்து பிடித்தது. 2018 செப்டம்பரில் அமெரிக்காவின் பென்சில்வேனியா மாநிலத்தில் என் மகன் வீட்டில் தங்கியிருந்தேன். தசலட்சண பர்வ நாட்கள். ஒன்பதாம் நாளாகிய உத்தம ஆகிஞ்சன்ய தினம் சனிக்கிழமையில் வந்தது. காலைப் பூசையும் பாராயணமும் முடிந்தபின், "பாட்டி ஒரே அறையில் எத்தனை நாள்தான் இருப்பார்கள்" என்று சொல்லி, பேரன் ஒரு மலைக்கு அழைத்துப் போகச் சொன்னான். அவன் பள்ளியில் அந்த மலையைப் பற்றிச் சொல்லியிருந்தார்களாம். அதன் பெயர் ஹாக் மவுண்டன். பருந்து மலை என்று நாம் சொல்லிக்கொள்ளலாம்.

அப்பலாச்சியன் மலைத்தொடரைச் சேர்ந்த கிட்டாட்டினி என்னும் நீண்ட முகட்டின்மேல் அமைந்த இடம் அது. வட அமெரிக்காவின் வடபகுதியில் இனம்பெருக்கிய வேட்டைப்பறவைகள் குளிர்காலம் நெருங்குமுன் தெற்கு நோக்கிப் புறப்படும். சிறகடித்தே அவ்வளவு தொலைவும் செல்வதானால் உடல் தாங்காது. வடமேற்கிலிருந்து வீசும் காற்று மலைச்சரிவில் மோதி மேலெழும்புகிறது. அந்த எழுகாற்றின்மீது சாய்ந்துகொண்டு, சிறகை அசைக்காமலே பறவைகள் முகட்டின் வழியே வழுக்கிச் செல்கின்றன. வெயில் ஏறிய தரையிலிருந்து எழும் வெப்பக்காற்றிலும் வட்டமிட்டு உயர்ந்து, உச்சிக்குச் சென்றதும் இறக்கையை விரித்து அடுத்த எழுகாற்றுவரை சறுக்கி இறங்குகின்றன. நம் ஊர்ப் பருந்து நண்பகலில் வட்டமிடுவதைப் பார்த்து, கீழே கோழிக்குஞ்சைத் தேடுகிறது என்று நாம் பிள்ளைகளுக்குச் சொல்வோம். பெரும்பாலான நேரத்தில் அது படியேறுகிறது என்பதே உண்மை.

உச்சிப் பாறையாகிய வடக்கு நோக்கிடத்துக்குக் கற்கள் நிறைந்த பாதையில் ஏற வேண்டும். என் முழங்கால் அதற்கு இடங்கொடுக்கவில்லை. நுழைவாயிலுக்கு அருகிலுள்ள தெற்கு நோக்கிடத்தில் ஒரு மரப்பலகையில் அமர்ந்தேன். கீழே காட்டின் நடுவே பனிக்காலத்தில் உடைந்து குவிந்த பாறைகள் ஓர் ஆறு உறைந்ததுபோலக் கிடந்தன. அங்கே ஒரு கம்பத்தில் ஆந்தைப் பொம்மை ஒன்றைக் கட்டியிருந்தார்கள். ஆந்தையைக் கண்டால் பருந்துகள் சீறிக்கொண்டு அருகே வருமாம், அடையாளம் காண எளிதாம். வாய்மைக்குரிய நாள் கழிந்து நான்கு நாட்கூட ஆகவில்லை. பறவையிடத்துச் சொல்லும் பொய்யும் பொய்தானே என்று எனக்குள் ஒரு சிறு முணுமுணுப்பு எழுந்தது. அதைப் பேரனிடம் சொல்லவில்லை.

எண்ணுபவர்கள் தன்னார்வத் தொண்டர்கள். பெரும்பாலோர் என்னைப்போல் ஓய்வு பெற்றவர்கள். ஆண்டுதோறும் ஆகஸ்ட் 15 முதல் டிசம்பர் 15 வரை, அந்த மலையில் கடந்துசெல்லும் ஒவ்வொரு வேட்டைப்பறவையையும் இனம் பிரித்து, மணிக்கு மணி பதிவு செய்கிறார்கள். ஓர் ஆண்டில் சராசரியாக 18,000 பறவைகள் தேறும். செப்டம்பர் நடுவில் வருபவை பெரும்பாலும் அகன்ற சிறகுப் பருந்துகள். இவை நூற்றுக்கணக்கில் ஒரே எழுகாற்றில் சுழலும். அந்தச் சுழலில் வைத்து எண்ண முயலக் கூடாதாம். மேலே சென்று வரிசையாக வழுக்கி வெளியேறும்போதுதான் எண்ண வேண்டும். பக்கத்திலிருந்த ஒரு முதியவள் இதைப் பேரனுக்கு விளக்கியபோது எனக்குச் சிரிப்பு வந்தது. விளையாட்டுத் திடலில் பிள்ளைகளை எண்ண எந்த ஆசிரியையாலும் முடியாது. மணியடித்து அவர்கள் வரிசையில் வகுப்புக்கு நடக்கும்போதுதான் எண்ணுவோம்.

மூன்று மணி நேரத்தில் என் கண்ணுக்கு அகப்பட்டவை 43. பேரன் 61 என்றான். அந்த மூதாட்டியின் கணக்கு எங்கள் இருவருடையதைவிட மிகுதி. அந்த மூன்று மணி நேரத்தில் என்னிடம் நேர்ந்த ஒரு மாற்றத்தைச் சொல்ல வேண்டும். முதல் பத்துப் பறவைகளைப் பார்த்தபோது இது எதைக் கொன்று தின்னும் என்ற எண்ணம் ஒவ்வொரு முறையும் வந்தது. இருபதுக்குப் பிறகு அது வரவில்லை. தவறவிடாமல் காண வேண்டும் என்பதைத் தவிர வேறொன்றும் மனத்தில் நிற்கவில்லை. அந்தப் பறவையை நாம் பிடிக்கப்போவதில்லை. திருத்தப்போவதில்லை. அது நம்மைக் கண்டதாகவும் தெரியவில்லை. எனதென்று ஒன்றுமில்லை என்னும் ஆகிஞ்சன்ய பாவனையைக் காலையில் வாயால் ஓதிய எனக்கு, நண்பகலில் அதன் சுவை சிறிது தெரிந்தது என்று சொன்னால் மிகையாகாது.

தமிழில் எண்ணுதல் என்ற சொல்லுக்குத் தொகையிடுதல் என்பதும் நினைத்தல் என்பதும் ஆகிய இரு பொருளும் உண்டு. வகுப்பில் இதைப் பலமுறை கற்பித்திருக்கிறேன். அந்தப் பலகையில் அமர்ந்துதான் இரண்டும் ஒன்றென்று கண்டேன். எண்ணப்படாத உயிர் நினைக்கப்படாத உயிர். நமது ஆகமங்களே உயிர்களை இந்திரியங்களால் வகுத்து, யோனிகளை 84 இலட்சம் என்று தொகையிட்டுச் சொல்பவை. வேறெந்த மரபினரும் கண்ணுக்குத் தெரியாத உயிர்களை இவ்வளவு அக்கறையோடு கணக்கிட்டதாகத் தெரியவில்லை.

அந்த மலையின் பழைய வரலாறு கொடியது. இருபதாம் நூற்றாண்டின் முதற்பகுதியில், இலையுதிர்கால ஞாயிற்றுக்கிழமைகளில் சுற்றுப்புறத்து ஆடவர்கள் துப்பாக்கிகளுடன் அதே பாறையில் ஏறி, கடந்துசெல்லும் பறவைகளைச் சுட்டு வீழ்த்துவது வழக்கமாயிருந்தது. உணவுக்காகச் சுடவில்லை. பருந்து கோழியைத் தின்னும், பாட்டுப் பறவையைத் தின்னும், வேட்டைக்குரிய சிறு விலங்குகளைத் தின்னும், ஆகவே அது தீயது என்பது அவர்கள் கொள்கை. அரசும் அவ்வாறே எண்ணிற்று. 1929இல் பென்சில்வேனியா மாநில வேட்டைத்துறை, கோஷாக் என்னும் பெரிய வல்லூறு ஒன்றைக் கொன்றால் 5 டாலர் பரிசு என்று அறிவித்தது. பஞ்சம் தொடங்கிய காலத்தில் அது பெருந்தொகை. 1932இல் ரிச்சர்ட் பவ் என்ற இளைஞர் அந்த மலைக்குச் சென்று, சுடப்பட்ட பறவைகளைக் காட்டுத் தரையில் வரிசையாக அடுக்கிப் படமெடுத்தார்.

அந்தப் படங்களைக் கண்டவர்களில் ஒருவர் ரோசலி எட்ஜ் என்னும் நியூயார்க் நகரத்துப் பெண்மணி. பெண்களின் வாக்குரிமைக்காகப் போராடியவர். அப்போது அவருக்கு வயது ஐம்பதைக் கடந்திருந்தது. பறவை நேசர்களின் பெரிய சங்கங்களே பருந்து வகையைப் பற்றி அக்கறை காட்டாத காலம் அது. அந்தச் சங்கத்தாருக்கும் இவருக்கும் ஓயாத பிணக்கு. 1934இல் அந்த மலையில் ஏறத்தாழ 1,400 ஏக்கர் நிலத்தைக் குத்தகைக்கு எடுத்தார். காவலுக்கு மாரிஸ் புரூன் என்ற இளைஞரையும் அவர் மனைவி இர்மாவையும் அமர்த்தினார். அவ்வாண்டே சுடுதல் நின்றது. காவலுக்கு வந்த புரூன் சும்மா இராமல், அந்த இலையுதிர்காலத்திலேயே கடந்துசென்ற பறவைகளை எண்ணி எழுதத் தொடங்கினார். இரண்டாம் உலகப்போரில் அவர் கடற்படைக்குச் சென்ற ஆண்டுகளில் தடைப்பட்டது தவிர, அந்தக் கணக்கு இன்றுவரை தொடர்கிறது.

அக்காலத்தில் பருந்துக்காகப் பேசியவர்களும் பெரும்பாலும் ஒரு பயனைக் காட்டியே பேசினார்கள். பருந்து எலியைத் தின்கிறது, உழவனுக்கு நன்மை செய்கிறது என்றார்கள். நம் பாடநூல்களிலும் இன்றுவரை இதுவே எழுதப்படுகிறது. நானும் கற்பித்தேன். ஆனால் இந்த வாதம் எனக்கு உவப்பாயில்லை. எலியும் ஓர் உயிரன்றோ? எலியைக் கொல்வதனால் பருந்து நல்லது என்பவர், கோழியைக் கொல்வதனால் அது தீயது என்பவரின் எதிர்ப்பக்கத்தில் இல்லை, அவருடைய திண்ணையிலேயே அமர்ந்திருக்கிறார். இருவரும் தம் பையைப் பார்த்துத்தான் தீர்ப்புச் சொல்கிறார்கள்.

நம் அறம் இதில் என்ன சொல்கிறது? பருந்து கொல்வதால் அதற்கு வினை சேராது என்று நம் ஆசிரியர்கள் கூறவில்லை. சேரும். ஆனால் அந்த வினைக்குத் தண்டனை தரும் பொறுப்பை நம்மிடம் ஒப்படைக்கவில்லை. பகவான் மகாவீரர் முன்னொரு பிறவியில் சிங்கமாக இருந்தார் என்பதை நாமெல்லாம் கேட்டிருக்கிறோம். மானை அடித்துத் தின்ன முற்பட்ட அந்தச் சிங்கத்தின்முன் சாரண முனிவர் இருவர் வானிலிருந்து இறங்கினர். அவர்கள் அதை விரட்டவில்லை. கண்ணீர் பெருக அது அறவுரை கேட்டது, நற்காட்சி பெற்றது, ஊன் துறந்தது. கொலைத்தொழிலில் இருக்கும்போதே அந்த உயிருக்குள் வர்த்தமானர் இருந்தார். அந்தச் சிங்கத்தைத் தீய விலங்கு என்று ஒருவன் அம்பெய்து கொன்றிருந்தால் அவன் எதைக் கொன்றவனாவான்?

சாந்திநாத சுவாமியின் முற்பிறவியான மேகரதனின் வரலாறு நம் வினாவுக்கு இன்னும் நெருக்கமானது. புறாவைத் துரத்திக்கொண்டு வேட்டைப்பறவை ஒன்று அரசன்முன் வந்தது. தன் தசையை அரிந்து கொடுத்ததாகப் பிற மரபுகள் சொல்லும். நம் மரபில் வழங்கும் கதையிலோ, ஊன் தானத்துக்குரிய பொருள் அன்று என்று மேகரதன் தெளிவாகக் கூறுகிறான். ஆனால் அந்தப் பறவையை அவன் துரத்தவில்லை. முற்பிறவியில் அவ்விரண்டும் பொருளுக்காகப் பகைத்து மாய்ந்த உடன்பிறந்தார் என்பதை எடுத்துரைக்கிறான். இரண்டும் பகை நீங்கி நற்கதி அடைகின்றன. புறாவுக்கு ஒரு முடிவு, பருந்துக்கு ஒரு முடிவு என்று கதை பிரித்துப் பேசவில்லை. இந்தக் கதையைச் சிறுவயதில் என் பாட்டனார் சொல்லக் கேட்டபோது, புறா பிழைத்ததா என்று மட்டுமே கேட்டேன்.

எண்ணுவதனால் என்ன பயன் என்று கேட்போர் உண்டு. என் மகனே கேட்டான். அதற்கும் அந்த மலையில் விடை இருக்கிறது. துப்பாக்கிச் சத்தம் நின்று பல ஆண்டுகள் ஆனபின், எவரும் சுடாத வெண்தலைக் கழுகுகளின் கணக்கில் ஒரு விந்தை தெரிந்தது. 1935 முதல் 1939 வரை எண்ணப்பட்ட கழுகுகளில் 100க்கு 40 இளம்பறவைகள். 1955 முதல் 1959 வரை 100க்கு 20தான். முதியவை வந்துகொண்டிருந்தன, பிள்ளைகள் வரவில்லை. 1962இல் வெளிவந்த தம் புகழ்பெற்ற நூலில் ரேச்சல் கார்சன் அம்மையார் இந்தக் கணக்கை எடுத்துக்காட்டினார். வயலிலும் காட்டிலும் பூச்சிக்கொல்லியாகத் தெளித்த டி.டி.டி. நீரில் கலந்து, மீனில் சேர்ந்து, மீனைத் தின்ற கழுகின் உடலில் திரண்டு, முட்டையின் ஓட்டை மெலிதாக்கிற்று. அடைகாக்கும்போதே முட்டை நொறுங்கிற்று. 1972இல் அந்நாட்டில் டி.டி.டி. தடை செய்யப்பட்டது. வேட்டைப்பறவைகளுக்கு நாடு முழுவதும் சட்டப் பாதுகாப்பு வந்ததும் அதே ஆண்டில்தான். 2007இல் வெண்தலைக் கழுகு அழிவின் விளிம்பிலுள்ள உயிர்களின் பட்டியலிலிருந்து நீக்கப்பட்டது.

சங்கல்பி, ஆரம்பி, உத்யோகி, விரோதி என்று நாம் இம்சையை நான்காக வகுத்துப் படிக்கிறோம். டி.டி.டி. தெளித்த உழவனிடம் கழுகைக் கொல்லும் சங்கல்பம் இல்லை. கழுகு அவன் நினைவிலேயே இல்லை. நம் நாட்டுப் பாறு என்னும் பிணந்தின்னிக் கழுகின் கதை இதைவிட உருக்கமானது. அது எவரையும் கொல்லாத பறவை. என் இளமையில் ஊர்ப்புறத்து மேட்டில் மாடு இறந்து கிடந்தால் முப்பது நாற்பது இறங்கும். மாட்டின் வலி தீர இரக்கத்தோடு கொடுத்த டைக்ளோஃபினாக் என்னும் மருந்து, இறந்த மாட்டைத் தின்ற பாறுகளின் சிறுநீரகத்தை அழித்தது. 1992க்கும் 2007க்கும் இடையில் இந்தியாவின் வெண்முதுகுப் பாறுகளில் ஆயிரத்தில் ஒன்றுகூட எஞ்சவில்லை என்று கணக்கெடுத்தவர்கள் கண்டனர். மாட்டுக்கு அந்த மருந்து 2006இல் தடை செய்யப்பட்டது. எண்ணியவர்கள் இல்லையெனில் இரக்கத்தால் விளைந்த இந்தக் கொலை வெளியே தெரிந்திராது.

இறந்தவற்றை எண்ணியதால் மனம் மாறிய ஊரும் நம் நாட்டில் உண்டு. சைபீரியாவிலும் வடசீனத்திலும் இனம்பெருக்கும் அமுர் வல்லூறு, புறாவைவிடச் சிறிய உடல் கொண்டது. ஐப்பசியில் நாகாலாந்தில் பல்லாயிரமாகக் கூடி இளைப்பாறி, பின் இந்தியாவைக் கடந்து, அரபிக்கடலைத் தாண்டித் தென்னாப்பிரிக்கா செல்கிறது. 2012இல் வோக்கா மாவட்டத்துப் பாங்டி கிராமத்தை ஒட்டிய டோயாங் நீர்த்தேக்கத்தருகே, மீன்வலைகளை மரங்களுக்கிடையே கட்டி இவற்றைப் பிடித்து விற்பதைப் பறவை ஆர்வலர்கள் கண்டனர். நாளொன்றுக்கு 12,000 முதல் 14,000 வரை மாய்வதாக மதிப்பிட்டு உலகுக்கு அறிவித்தனர். அடுத்த ஆண்டு, 2013இல், ஊர்மன்றம் தடை விதித்தது. தேவாலயங்களும் மக்களிடம் பேசின. அந்தப் பருவத்தில் ஒரு பறவையும் வலையில் சிக்கவில்லை. அவ்வாண்டு செயற்கைக்கோள் கருவி பொருத்திய மூன்று வல்லூறுகளுக்கு நாகா, வோக்கா, பாங்டி என்று பெயரிட்டனர்.

பாங்டி மக்கள் புலால் துறந்தவர்கள் அல்லர். ஒரே ஒரு பறவையைத் துறந்தார்கள். அதனால் வந்த வருமானத்தையும் துறந்தார்கள். இது ஒரு பெரிய காரியமா என்று நம்மில் சிலர் கேட்கக் கூடும். கதிரசாரன் என்னும் வேடனின் கதையை நாம் மறக்கலாகாது. ஊனை முழுதும் விட இயலாது என்ற அவனுக்கு, காக்கையின் ஊனை மட்டுமேனும் விடு என்று சமாதிகுப்த முனிவர் விரதம் தந்தார். நோயுற்றபோது காக்கை ஊனே மருந்து என்று வைத்தியர் சொல்லியும் அவன் விரதம் குலையவில்லை. அவனே பின்னர் சிரேணிக மன்னனாகப் பிறந்தான். காக்கையை விட்ட வேடனைப் போற்றும் நாம், வல்லூறை விட்ட ஊரை எப்படிச் சிறிதென்று சொல்வது?

இனி என் பருந்துக்கு வருகிறேன். தில்லி செங்கோட்டைக்கு எதிரே, லால் மந்திர் வளாகத்தில் நம் சமயத்தார் நடத்தும் பறவை மருத்துவமனையை யாத்திரை சென்றவர்கள் பார்த்திருப்பீர்கள். தானியம் உண்ணும் பறவைகளை உள்ளே வைத்துப் பராமரிப்பார்கள். ஊன் உண்ணும் பறவைகளுக்கு வெளிநோயாளியாக மருந்திட்டு அனுப்புவார்கள். இதைக் கேட்டு நகைத்தவர்களை நான் அறிவேன். நான் நகைக்க மாட்டேன். ஏனெனில் கிருதம், காரிதம், அனுமோதனை என்று தானே செய்தல், பிறரைச் செய்வித்தல், உடன்படுதல் மூன்றையும் தடுத்த விரதத்தின் முன், பருந்துக்கு இரை வாங்கித் தருவது எளிய கேள்வியன்று. அவர்கள் மருந்தேனும் இட்டார்கள்.

அதே தில்லியில் நதீம், சவூத் என்னும் சகோதரர் இருவர், ஊன் உண்பது என்பதற்காகச் சேர்க்கப்படாத பருந்து ஒன்றைக் கண்டதிலிருந்து, பட்டத்தின் மாஞ்சா நூலால் அறுபட்டு விழும் பருந்துகளுக்குத் தம் வீட்டிலேயே சிகிச்சை செய்யத் தொடங்கினர். அவர்களைப் பற்றி 2022இல் ஒரு திரைப்படமும் வந்தது. நாம் கைவிட்ட இடத்தில் அவர்கள் நின்றார்கள் என்று சொல்வது கடுமையாகத் தோன்றலாம். ஆனால் என்னைப் பொறுத்தவரை அது உண்மை.

1984இல் நான் ஊன் வாங்கித் தர மறுத்தது சரியே. இன்றும் மறுப்பேன். அதற்காக நான் வருந்தவில்லை. ஆனால் இரை தர மறுப்பதற்கும் ஏரிக்கரையில் எறிவதற்கும் இடையே எத்தனையோ படிகள் இருந்தன. ஒரு கிண்ணம் தண்ணீர் வைத்திருக்கலாம். வெயில் படாத கூடையில் மூடி வைத்திருக்கலாம். 2 மைல் தொலைவில் கால்நடை மருந்தகம் இருந்தது. சிறகுக்குக் கட்டுப்போட அந்த மருத்துவர் மறுத்திருக்க மாட்டார். இவற்றில் ஒன்றுகூட என் விரதத்துக்கு இடையூறன்று. விரதத்தைக் காரணம் காட்டி, பார்க்க விரும்பாத ஒன்றை என் கண்ணிலிருந்து அப்புறப்படுத்தினேன். பிரமாதத்தால், அதாவது கவனமின்மையால், உயிரை வாட்டுவதே இம்சை என்னும் இலக்கணத்தை மனப்பாடமாகச் சொல்லக்கூடியவள் நான்.

ஒரு முடிச்சு மட்டும் இன்னும் அவிழவில்லை. அந்த நால்வரில் மூவர் வீட்டில் புலால் சமைப்பார்கள். "உங்கள் வீட்டில் வைத்துக் காப்பாற்றுங்கள்" என்று நான் சொல்லியிருந்தால் பருந்து பிழைத்திருக்கக் கூடும். அவ்வாறு சொல்வது அனுமோதனையாகுமா? கற்றறிந்த பெரியவர் ஒருவரிடம் கேட்டேன். ஆகும் என்றார். மற்றொருவர், இரைக்காக அனுப்பினால் ஆகும், உயிருக்காக அனுப்பினால் ஆகாது என்றார். இரண்டாமவர் சொன்னதை ஏற்கவே என் மனம் விரும்புகிறது. விரும்புகிறது என்பதனாலேயே அதைச் சற்று ஐயத்தோடு பார்க்கிறேன்.

அமெரிக்காவிலிருந்து திரும்பியபின் ஒரு பழக்கம் தொடங்கினேன். மழை ஓய்ந்த கார்த்திகை, மார்கழி மாலைகளில், நடு ஆசியாவின் புல்வெளிகளிலிருந்து வரும் பூனைப்பருந்துகள் நம் வயல்வெளிமீது தாழப் பறக்கும். மொட்டைமாடியில் நாற்காலி போட்டு அமர்ந்து அவற்றை எண்ணுகிறேன். பள்ளியிலிருந்து ஓய்வு பெற்றபோது என்னிடம் தங்கிப்போன, எழுதாத வருகைப் பதிவேடு ஒன்றில் நாள்தோறும் குறித்து வைக்கிறேன். சில நாள் நான்கு, சில நாள் ஒன்று, பல நாள் இல்லை.

வந்தவாசி, ஆரணி, திண்டிவனம் வட்டாரங்களில் நம் குடும்பத்தார் எவரேனும் அடிபட்ட பருந்தையோ வல்லூறையோ ஆந்தையையோ வீட்டில் வைத்துப் பேணியிருந்தால், விரதத்துக்கு ஊறு நேராமல் அதை எவ்வாறு செய்தீர்கள், எங்கே கொண்டு சேர்த்தீர்கள் என்பதை இவ்விதழின் ஆசிரியருக்கு எழுதியனுப்ப வேண்டுகிறேன். அடுத்த இதழில் வெளியிடுவதாக அவர் இசைந்திருக்கிறார்.